எத்தனை மில்லி வந்தது?

“போகப் போகப் பழகிடும்.” பம்ப் வைத்துத் தாய்ப்பால் எடுக்கத் தொடங்கிய முதல் வாரத்திலேயே இதை நான்கு பேர் எனக்குச் சொன்னார்கள். அம்மா சொன்னார். அக்கா சொன்னாள். பம்ப்பை எப்படி மாட்டுவது என்று ஒரே நிமிடத்தில் காட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போன செவிலியர் சொன்னார். அலுவலகத்தில் எனக்கு முன்பே குழந்தை பெற்று வேலைக்குத் திரும்பியிருந்த தோழி சொன்னார். நால்வருமே ஆறுதலாகத்தான் சொன்னார்கள். நானும் நம்பினேன், ஆறு வாரம் நம்பினேன். மகனுக்கு இப்போது பதினொரு மாதம் ஆகிறது. பம்ப் இன்னும் என் பையில் இருக்கிறது, தினமும் ஓடுகிறது, வலிப்பதில்லை. ஆனால் அந்தச் சொல் மட்டும் எனக்குள் செரிக்காமல் கிடக்கிறது.

எப்படிப்பட்ட வலி என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ‘கொஞ்சம் வலிக்கும்’ என்ற இரண்டு சொல்லுக்குள் எதை வேண்டுமானாலும் போட்டு மூடிவிடலாம். சுவிட்சைப் போட்டதும் காம்பில் நூல் கட்டி யாரோ சுண்டி இழுப்பது போல இருக்கும். ஒவ்வோர் இழுப்புக்கும் தோள் இரண்டும் காதுப் பக்கம் ஏறும், கால்விரல்கள் மடங்கிக்கொள்ளும். நான் முப்பது எண்ணுவேன். முப்பதுக்குள் அந்த இடம் கொஞ்சம் மரத்துப்போகும். அதைத்தான் பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பதினைந்து நிமிடம் கழித்து, மார்பில் பொருத்தும் பம்ப்பின் புனலை எடுத்தால் காம்பு சிவந்து நீண்டிருக்கும், அதைச் சுற்றியுள்ள கருவளையமும் ஒரு மேடு போலப் புடைத்து நிற்கும். சட்டைத் துணி பட்டால் எரியும், குளிக்கும்போது தண்ணீர் பட்டால் எரியும். இரவில் மகன் பசித்து அழுதால், அவனைத் தூக்குவதற்கு முன் ஒரு நொடி பயம் வரும். பெற்ற பிள்ளையின் பசியைக் கண்டு எனக்கு வந்த அந்தப் பயம்தான் உடம்பு வலியைவிட அதிகம் உறுத்தியது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

சொல்லாததற்கு ஒரு காரணம், யாரும் அதைக் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் ஒரே கேள்வி: இன்றைக்கு எத்தனை மில்லி வந்தது? நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கேட்பார். கணவர் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். அலுவலகத் தோழி கேட்பார், தொலைபேசியில் அக்கா கேட்பாள். பாட்டிலில் 30, 60, 90 என்று கோடு போட்டிருக்கிறது. கோடு இருக்கிற இடத்தில்தான் கண்ணும் போகிறது, கேள்வியும் போகிறது. ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை ஒரு குழந்தை நாளொன்றுக்குச் சராசரியாக 750 முதல் 800 மி.லி. தாய்ப்பால் குடிக்கிறது என்பதை எங்கோ படித்துவிட்டு, அதை நான் வெளியே இருக்கும் மணி நேரத்தோடு சேர்த்துக் கணக்குப் போட்டுக் கணக்குப் போட்டு மாய்ந்தேன். முதல் வாரம் ஒரு தடவைக்கு 70 வந்தது. அப்புறம் 60. ஐந்தாவது வாரத்தில் இரண்டு பக்கமும் சேர்த்து 40.

அளவு குறையக் குறைய நான் செய்தது ஒன்றே ஒன்றுதான். இழுவையைக் கூட்டினேன். பம்ப்பில் ஒன்றிலிருந்து ஒன்பது வரை எண்கள் இருந்தன. நான்கில் ஆரம்பித்தேன், ஆறுக்குப் போனேன், கடைசியில் எட்டு. எட்டில் வைத்து உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, என் பிள்ளைக்காகத்தானே என்று ஒரு பெருமைகூட இருந்தது. அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. யாருக்கும் பயன்படாத வலி அது. பயன்படாதது மட்டுமில்லை, பாலை வரவிடாமல் தடுத்துக்கொண்டிருந்ததே அந்த வலிதான் என்று பிறகுதான் தெரிந்தது.

வலியும் பாலும்

பம்ப் என்பது உறிஞ்சும் எந்திரம், பலமாக உறிஞ்சினால் நிறைய வரும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பால் அப்படி வருவதில்லை. காம்பில் படுகிற தொடுகை நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோனை இரத்தத்தில் விடுகிறது. அது மார்பகத்துக்கு வந்து, பால் சுரக்கும் நுண்பைகளைச் சுற்றியிருக்கும் தசைச் செல்களை இறுக்குகிறது. அப்போதுதான் உள்ளே இருக்கும் பால் பிதுங்கிக் குழாய்களுக்குள் வருகிறது. பால் இறங்குகிறது என்று நாம் சொல்வது இதைத்தான். பம்ப்பின் இழுவை எடுப்பது, இப்படி இறங்கி வந்த பாலை. இறங்காத பாலை எட்டில் வைத்தாலும் ஒன்பதில் வைத்தாலும் பெரிதாக எடுக்க முடியாது. இப்போதைய மின் பம்ப்புகள் பலவும் முதலில் வேகமாகவும் மென்மையாகவும் இழுத்து, பிறகு மெதுவாகவும் ஆழமாகவும் இழுப்பது இதனால்தான். குழந்தையும் அப்படித்தானே, முதலில் சின்னச் சின்னதாகச் சப்பும், பால் வந்ததும் நிதானமாகக் குடிக்கும்.

ஆக்ஸிடோசின் வெட்கப்படும் ஹார்மோன் என்று ஒரு மருத்துவர் ஒருமுறை சொன்னார். வலி, பயம், பதற்றம் எல்லாம் அதை அடக்கிவிடும். இதை 1948-லேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மைக்கேல் நியூட்டன், நைல்ஸ் நியூட்டன் என்ற தம்பதியர் பாலூட்டும் ஒரு தாயை வைத்துச் செய்த ஆராய்ச்சி. குழந்தை பால் குடிக்கும் நேரத்தில் அந்தத் தாயின் காலைப் பனிக்கட்டித் தண்ணீரில் வைத்தார்கள், கால்விரலை வலிக்கும்படி இழுத்தார்கள், கணக்குக் கேள்விகளை அடுக்கடுக்காகக் கேட்டார்கள். குழந்தைக்குக் கிடைத்த பால் வெகுவாகக் குறைந்தது. அதே தொல்லைகளைக் கொடுத்துக்கொண்டே ஆக்ஸிடோசின் ஊசி போட்டபோது, குறைந்ததில் பெரும்பகுதி திரும்ப வந்தது. பால் மார்பில்தான் இருந்திருக்கிறது, வலியால் இறங்காமல் நின்றிருக்கிறது. இதைப் படித்த அன்று என் மடங்கிய கால்விரல்களை நினைத்துக்கொண்டேன். அந்த ஆராய்ச்சியில் இன்னொருவர் செய்ததை, ஒரு நாளைக்கு மூன்று முறை, ஆறு வாரம், நான் எனக்கே செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

“எங்கம்மா வலிக்குது?”

மகனின் தடுப்பூசிக்குப் போன இடத்தில் பாலூட்டல் ஆலோசகர் ஒருவர் இருந்தார். நான் அவரைப் பார்க்கப் போகவில்லை. ஊசி போட்ட பிள்ளை அழுதான், ஓரமாக உட்கார்ந்து பால் கொடுத்தேன், அவன் வாய் வைத்ததும் என் முகம் சுருங்கியதை எதிரே இருந்த அவர் பார்த்துவிட்டார். எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நான் வழக்கமான கேள்விக்குப் பதிலைத் தயாராக வைத்திருந்தேன், 40 வருகிறது, போதவில்லை என்று. அவர் அதைக் கேட்கவே இல்லை. “எங்கம்மா வலிக்குது? நுனியிலயா, அடியிலயா, சுத்தியா?” என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. ஆறு வாரம் சகித்த வலி எந்த இடத்தில் இருக்கிறது என்றே நான் கவனித்திருக்கவில்லை.

பம்ப் பையில் இருந்தது. உள் அறைக்குக் கூட்டிப்போய், போட்டுக் காட்டச் சொன்னார். நான் வழக்கம்போல எட்டில் வைத்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் குனிந்து, அந்த ஒளி ஊடுருவும் புனலின் குழலையே ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் கையைப் பிடித்துத் தானே நிறுத்தினார். “இங்க பாருங்க. காம்பு மட்டும்தான் இந்தக் குழலுக்குள்ள போகணும், போய்ப் போய் வரணும். உங்களுக்குச் சுத்தியிருக்கிற கருப்பு பாகமும் சேர்ந்து உள்ள போகுது. காம்பு அந்தக் கடைசிவரைக்கும் போய் முட்டுது. இது உங்க அளவு இல்லம்மா.” அளவு என்ற சொல்லை அந்தப் பம்ப்போடு சேர்த்து அன்றுதான் முதன்முதலாகக் கேட்கிறேன். அங்கேயே அளந்துவிடலாமே என்றேன். கூடாது என்றார். பம்ப் செய்தவுடன் காம்பு வீங்கியிருக்கும், அப்போது அளந்தால் தப்பான எண் வரும். காலையில், பால் எடுப்பதற்கு முன்னால், காம்பின் அடிப்பகுதியில் குறுக்காக விட்டத்தை அளக்க வேண்டும், கருவளையத்தைச் சேர்க்கக் கூடாது, இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக அளக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

மறுநாள் காலை கண்ணாடி முன் நின்று, கழுவித் துடைத்த ஒரு சின்ன ஸ்கேலை வைத்து அளந்தேன். வலது 16 மி.மீ., இடது 14. நம்பிக்கை வராமல் திரும்பவும் அளந்தேன். அதே எண்கள்தான். அப்புறம் பம்ப்பின் புனலைக் கையில் எடுத்தேன். கழுத்தருகே, பிளாஸ்டிக்கிலேயே மேடாக, 24 என்று அச்சாகியிருந்தது. ஒரு நாளைக்கு மூன்று முறை கழுவிக் காயவைத்த பொருள். அந்த எண்ணை நான் பார்த்திருக்கிறேன், ஏதோ மாடல் எண் என்று விட்டிருக்கிறேன். அது குழலின் விட்டம். பல பம்ப்புகள் பெட்டியிலேயே 24 அளவுப் புனலோடுதான் வருகின்றன. எனக்கும் அந்தக் குழலுக்கும் நடுவே வலப்பக்கம் 8 மி.மீ., இடப்பக்கம் 10 மி.மீ. காலியிடம். அந்த இடத்தை நிரப்பத்தான் ஒவ்வோர் இழுப்பிலும் கருவளையம் உள்ளே போய் வீங்கியிருக்கிறது. கையில் அந்தப் பிளாஸ்டிக்கை வைத்துக்கொண்டு குளியலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கோபமா, நிம்மதியா, எது என்று இப்போதும் பிரித்துச் சொல்ல வரவில்லை.

புதுப் புனல் வாங்க வேண்டியிருக்கவில்லை. 24 புனலுக்குள் பொருத்திக்கொள்ளும் சிலிக்கோன் இன்செர்ட்கள் கிடைக்கின்றன. வலப்பக்கத்துக்கு 17, இடப்பக்கத்துக்கு 15 எடுத்தேன். கொதிக்கவைத்து ஆறியதும் மாட்டி, சுவிட்சைப் போட்டேன். பழக்கத்தில் தோள் ஏறியது, எண்ண ஆரம்பித்தேன். பத்து வந்ததும் பம்ப் ஓடவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, கம்பி மாட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது. குழலுக்குள் காம்பு மட்டும் நிதானமாக முன்னும் பின்னும் போய்வந்தது. எட்டில் இருந்ததைக் குறைத்துக் குறைத்து மூன்றுக்குக் கொண்டுவந்தேன். ஒன்றரை நிமிடம் இருக்கும், மார்பில் அந்தக் குறுகுறுப்பு வந்தது, மகன் குடிக்கும்போது வருமே, அதே குறுகுறுப்பு. பம்ப்பில் அதுவரை எனக்கு அது வந்ததே இல்லை. சொட்டுச் சொட்டாக வந்துகொண்டிருந்த பால் மெல்லிய தாரையாக, மூன்று நான்கு இடத்திலிருந்து, குழலின் சுவரில் அடித்தது. முப்பது எண்ணி முடித்திருந்தேன், அறுபதையும் தாண்டியிருந்தேன், தாங்கிக்கொள்ள எதுவுமே இல்லை. அழுதேன்.

அன்று வந்தது 55 மி.லி. நாற்பதிலிருந்து ஐம்பத்தைந்து. ஒரே நாளில் இரண்டு மடங்கானது என்று நான் எழுதினால் அது பொய். அடுத்த மூன்று வாரத்தில் மெல்ல மெல்ல 80 வரை போனது, அதற்கு அளவு மட்டுமே காரணமா, பயமில்லாமல் தவறாமல் உட்கார்ந்ததும் காரணமா என்று பிரிக்கவும் முடியாது. ஆனால் இரண்டாம் நாளிலிருந்தே காம்பு வீங்கவில்லை. நான்காம் நாள் இரவு மகன் அழுதபோது அந்த ஒரு நொடிப் பயம் வரவில்லை. எனக்கு முக்கியமான அளவு அதுதான்.

சரியான பொருத்தம் எப்படித் தெரியும்

இதன் பிறகு பார்க்கிற தாய்மார்களிடமெல்லாம் நான் புனலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன், அதில் ஒரு தவறும் செய்தேன். சித்தி மகள் ஒருத்தி தனக்கும் வலிக்கிறது என்றதும், உனக்கும் புனல் பெரிதாக இருக்கும், சின்னது வாங்கு என்று அளக்காமலே சொல்லிவிட்டேன். அவளுக்குப் பிரச்சினை நேரெதிர். 24 அவளுக்கு இறுக்கம். காம்பு குழலின் சுவரில் உரசி, பக்கவாட்டில் தோல் உரிந்து, பம்ப்பை எடுத்ததும் அடிப்பகுதியில் வெளிறிய வளையம் ஒன்று தெரிந்திருக்கிறது. என் பேச்சைக் கேட்டு 21 போட்டவளுக்கு ஒரே தடவையில் புண் ஆகிவிட்டது. அவளுக்குப் பொருந்தியது 27. அந்தப் புண்ணுக்கு நான் பொறுப்பு. அதனால் இப்போது யாருக்கும் எண் சொல்வதில்லை, அளந்து பார் என்றுதான் சொல்கிறேன், அளந்த பிறகு குழலுக்குள் என்ன நடக்கிறது என்று பார் என்கிறேன்.

பெரிதாக இருந்தால் கருவளையம் உள்ளே இழுபடும், பம்ப் முடிந்ததும் வீக்கம் தெரியும், இழுப்பு மார்புக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். சின்னதாக இருந்தால் உரசும், கிள்ளும், காம்பு வெளுத்தோ நீலம் பாய்ந்தோ வெளியே வரும். சரியாக இருந்தால் காம்பு சுவரை ஒட்டியும் ஒட்டாமலும் தாராளமாக அசையும், முடிந்தபின் ஏறக்குறைய முன்பிருந்த மாதிரியே இருக்கும், மார்பு லேசாக இளகியிருக்கும். எத்தனை மி.மீ. கூட்டுவது என்பதில் ஒரே பேச்சு இல்லை. விட்டத்தோடு நான்கு மி.மீ. வரை கூட்டச் சொல்வதுதான் முன்பு வழக்கமாக இருந்தது. இப்போது பாலூட்டல் ஆலோசகர்கள் பலர் அளந்த எண்ணுக்கு மிக அருகில் தொடங்கி, வலித்தால் மட்டும் ஒரு படி ஏறச் சொல்கிறார்கள். எனக்கு ஒரு மி.மீ. கூட்டியதே போதுமாக இருந்தது. இன்னொருத்திக்கு மூன்று வேண்டியிருக்கும். காம்பு அதிகம் நீளும் தன்மை உள்ளவர்களுக்கு அளவு சரியாக இருந்தாலும் குழலின் கடைசிவரை போய்த் தொடும், அவர்களுக்கு மெத்தென்ற சிலிக்கோன் உதவுகிறது. என் இடப்பக்கம் கொஞ்சம் அப்படித்தான். அதனால் அந்தப் பக்கம் இழுவை எப்போதும் வலப்பக்கத்தைவிட ஒரு படி குறைவு.

இழுவையைப் பற்றி ஒன்று. வலிக்காத எல்லைக்குள் எது அதிகமோ அதுவே போதும். வலி தொடங்கும் இடம் வரை கூட்டி, அங்கிருந்து ஒரு படி இறக்கிவிட வேண்டும். அதற்கு மேல் போனால் கூடுதலாகப் பால் கிடைப்பதில்லை, திசுதான் வீங்கும். வீங்கினால் குழாய்கள் அழுந்தும், பால் இன்னும் குறையும், நாம் இன்னும் கூட்டுவோம். நான் நான்கிலிருந்து எட்டுக்கு ஏறியது இந்தச் சுழலில்தான்.

அளவு சரியான பிறகும் நான் ஒருமுறை ஏமாந்தேன். ஏழாம் மாதம் திடீரென்று பால் குறைந்தது, வலி இல்லை, இழுப்பே சோப்ளாங்கியாக இருந்தது. பழைய நானாக இருந்தால் எண்ணைக் கூட்டியிருப்பேன். இந்தமுறை ஒவ்வொரு பாகமாகக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தேன். வாத்து அலகு மாதிரி இருக்கும் அந்தச் சின்ன சிலிக்கோன் வால்வின் பிளவு, கழுவிக் கழுவித் தளர்ந்து, மூடாமல் வாயைத் திறந்துகொண்டிருந்தது. காற்று அதன் வழியே போய்விட்டால் இழுவை எங்கிருந்து வரும்? புது வால்வு மாட்டியதும் சரியாகிவிட்டது. அடிக்கடி பம்ப் செய்பவர்கள் இந்த வால்வைச் சில வாரங்களுக்கு அல்லது சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றத்தான் வேண்டும். அதேபோல, பால் சிந்திவிடுமோ என்று புனலை மார்பில் அழுத்திப் பிடிப்பதும் கெடுதல். தோலுக்கு அடியிலேயே ஓடும் குழாய்கள் அந்த விளிம்பில் நசுங்கிவிடுகின்றன. காற்றுப் புகாத அளவுக்கு ஒட்டினால் போதும். தொடங்குமுன் ஒரு சொட்டுத் தாய்ப்பாலைக் குழலின் வாயில் தடவிக்கொள்கிறேன், உரசல் இல்லை. நடுநடுவே கையால் மார்பை மெல்ல அழுத்திவிடுகிறேன். குறைமாதக் குழந்தைகளின் தாய்மார்கள் பம்ப்போடு கையையும் பயன்படுத்தியபோது பால் கணிசமாகக் கூடியதை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜேன் மார்ட்டனும் அவர் குழுவினரும் 2009-ல் வெளியிட்டார்கள். கை செய்வதை எந்திரத்தால் முழுதாகச் செய்ய முடியாது என்பது எனக்கு ஏனோ ஆறுதலாக இருக்கிறது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் தப்பாகிவிடும். எல்லா வலிக்கும் புனல் காரணமில்லை. அளவு சரியாக இருந்தும் வலி நீடித்தால், காம்பு வெடித்து ஆறாமல் இருந்தால், மார்பில் ஓரிடம் சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தால், ஸ்கேலை வைத்துவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

ஒரு செவிலியின் பெயர்

பம்ப்பின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது ஒரு தகவலில் வெகுநேரம் நின்றேன். ஐனார் எக்னெல் என்ற ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர், காம்பைக் காயப்படுத்தாமல் பால் எடுக்கும் எந்திரம் ஒன்றை உருவாக்கப் பல ஆண்டுகள் உழைத்தார். எவ்வளவு இழுத்தால் தாங்கும், எவ்வளவு நேரம் இழுத்து எவ்வளவு நேரம் விட வேண்டும் என்பதையெல்லாம் ஆராய்ந்து 1956-ல் கட்டுரை எழுதினார். அவரோடு சேர்ந்து அந்தச் சோதனைகளில் உழைத்தவர் மாயா கிண்ட்பெர்க் என்ற செவிலி. அந்தப் பம்ப்புக்கு எக்னெல் வைத்த பெயர் ‘சிஸ்டர் மாயா’. மருத்துவமனைப் பம்ப்புகள் பலவற்றுக்கும் அது முன்னோடி. அந்தச் செவிலி தாய்மார்களிடம் என்ன கேட்டிருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன். எங்கே வலிக்கிறது என்று கேட்காமல் அப்படியொரு எந்திரம் வந்திருக்க முடியாது. எழுபது ஆண்டுக்கு முன்பே அந்தக் கேள்விக்கு அவ்வளவு மதிப்பு இருந்திருக்கிறது. அந்தக் கேள்வி ஏன் என்னிடம் ஆறு வாரம் கழித்து, தற்செயலாக, ஒரு தடுப்பூசி அறையில் வந்து சேர்ந்தது?

அக்கா

எனக்குக் கோபம் இருந்தது அக்காவின் மேல்தான். மற்ற மூவரைப் பற்றி அவ்வளவு தோன்றவில்லை. அம்மா பம்ப்பைத் தொட்டதே கிடையாது. செவிலியருக்கு நேரமில்லை. தோழிக்கு 24 பொருந்தியிருக்கலாம், அவருக்கு உண்மையிலேயே பழகியிருக்கலாம். அக்கா அப்படியில்லை. ஐந்து வருடத்துக்கு முன் அவளும் வேலைக்குப் போய்க்கொண்டே பம்ப் செய்தாள், இரண்டாம் மாதத்தில் நிறுத்திவிட்டாள். எனக்குப் பால் இல்லை, அவ்வளவுதான் என்று வீட்டில் சொன்னாள். நாங்களும் அவளைப் பற்றி அப்படியே சொல்லிக்கொண்டோம்: அவளுக்குப் பால் பத்தல, பாவம். ஒரு பெண்ணைப் பற்றி ஐந்து வருடம் ஒரு வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த பேச்சு அது.

போன மாதம் அவள் வந்திருந்தபோது நான் பம்ப் செய்துகொண்டிருந்தேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “வலிக்கலயா உனக்கு?” என்றாள். இல்லை என்றேன். புனலைக் கழற்றிய பிறகு அந்த 24-ஐயும், உள்ளே இருக்கும் இன்செர்ட்டையும் காட்டி, நடந்ததையெல்லாம் சொன்னேன். கோபத்தைக் காட்ட வேண்டும் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். அவள் அந்த எண்ணைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தாள். அவளுடைய பம்ப்பிலும் பெட்டியில் வந்த ஒரே புனல்தான் இருந்திருக்கிறது. அதில் என்ன எண் இருந்தது என்று அவளுக்கு நினைவில்லை, எண் இருந்ததே நினைவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “எனக்குப் பழகவே இல்லடி. தாங்க முடியாமத்தான் நிறுத்தினேன். அப்புறம் உன்கிட்ட ஏன் பழகிடும்னு சொன்னேன்னு எனக்கே தெரியல” என்றாள்.

அவளுக்கும் அளவுதான் காரணமா என்று இனிக் கண்டுபிடிக்க வழியில்லை. பால் குறைய எத்தனையோ காரணம் உண்டு, அவள் உடம்பு அன்று எப்படி இருந்தது என்று யாருக்குத் தெரியும்? அப்படித்தான் இருக்கும் என்று நான் அவளுக்குச் சொல்லவில்லை, சொல்வது நியாயமும் இல்லை. ஆனால் பால் இல்லை என்பதும் அதே அளவுக்குத் தெரியாத விஷயம்தான் என்று சொன்னேன். அவள் அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன். பழகிடும் என்ற அந்த வார்த்தையை அவளுக்கும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். வேறு எதுவும் கையில் இல்லாதபோது, தன் வலியை வெளியே எடுக்காமல் இன்னொருத்தியைத் தேற்ற அந்த ஒரு வார்த்தைதான் அவளிடம் இருந்திருக்கிறது. என் கோபம் எப்போது போனது என்று கவனிக்கவில்லை.

மறுநாள் வலப்பக்கம் லேசாக உரசுவது போலிருந்தது. காம்பின் அளவு மாதங்கள் போகப் போக மாறக்கூடும், திரும்ப அளந்து பார்க்க வேண்டும் என்று ஆலோசகர் முன்பே சொல்லியிருந்தார். காலையில் பால் எடுப்பதற்கு முன் ஸ்கேலை வைத்துக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். வெளிச்சம் பத்தவில்லை, குனிந்தால் கோடு தெரியவில்லை. அக்காவைக் கூப்பிட்டேன். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து, ஸ்கேலை வாங்கித் தானே வைத்து, எண்ணைப் படித்தாள். வலது 18, இடது இன்னும் 14.